அதுக்கு முன்னாடி எங்க?

அக்காள் மகளுக்கு அப்போது ஆறு வயது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பிருந்தே வலி இருந்தது. ஒரு நாள் முழங்கால், இன்னொரு நாள் முதுகு, சில நாள் விரல் கணுக்கள். இரண்டு நாள் அழுது கிடப்பாள். மூன்றாம் நாள் ஒன்றுமே நடக்காததுபோல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்த மூன்றாம் நாள்தான் அவளுக்கு எதிரி. "நேத்து அப்படிக் கத்துனா, இன்னிக்குப் பாரு" என்று வீட்டிலேயே சொன்னோம். நானும்தான் சொன்னேன். ஒரு கிளினிக்கில் வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்றார்கள். இன்னொன்றில், பள்ளிக்குப் போக மனமில்லாமல் சொல்கிறாள் என்றார்கள். (வளர்ச்சி வலி என்ற பேச்சை 1823இல் மருத்துவ நூலில் ஏற்றியவர் மார்செல் டுஷாம்ப் என்ற பிரெஞ்சு மருத்துவர். இருநூறு ஆண்டுகளாகக் காரணம் தெரியாத பிள்ளை வலிகளையெல்லாம் போட்டு மூடிவைக்க அந்தச் சொல் வசதியாக இருக்கிறது.)

கடைசியாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தத்தை விரிவாகச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று அக்காவோடு நானும் போயிருந்தேன். மருத்துவர் சீன இளைஞர், என் வயதுதான் இருக்கும். மலாயில் கேட்டார். உங்கள் குடும்பம் எந்த ஊர்?

"புக்கிட் ரோத்தான்" என்றாள் அக்கா.

அதற்கு முன்பு?

"அங்கதான், பக்கத்துல ஒரு தோட்டம்."

அதற்கு முன்பு எங்கே?

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மாமாவின் குடும்பம் அப்போதைய பத்தாங் பெர்ஜுந்தை, இப்போதைய பெஸ்தாரி ஜெயா. அவர்களுக்கும் அதற்கு முன்னால் எதுவும் தெரியாது. "இந்தியா" என்று பொதுவாகச் சொல்லி முடித்துக்கொண்டோம். படிவத்தில் அந்தக் கட்டத்தில் மருத்துவர் ஒரு கேள்விக்குறி போட்டதை நான் பார்த்தேன்.

பிள்ளைக்கு இருப்பது சிக்கிள் செல் நோய். தமிழில் அரிவாள் செல் என்று எழுதுகிறார்கள். தட்டுபோல் இருக்கவேண்டிய சிவப்பணு, தன்னிடமிருந்த ஆக்சிஜனை இறக்கிவைத்ததும் அரிவாள்போல் வளைந்து விறைத்துக்கொள்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களில் போய்ச் சிக்குகிறது. அடைப்புக்கு அப்பால் இருக்கும் எலும்புக்கும் தசைக்கும் இரத்தம் போவதில்லை. அதுதான் வலி. சாதாரணமாக 120 நாள் வாழும் சிவப்பணு இவர்களுக்கு 10 முதல் 20 நாளில் உடைந்துவிடுவதால் சோகை, கண்ணில் மஞ்சள். தாய் தகப்பன் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தால் பொதுவாக நோய் இல்லை. இருவரிடமிருந்தும் வந்தால் நோய். அக்காவுக்கும் மாமாவுக்கும் அது இருப்பது அன்றைக்குத்தான் தெரியும்.

நான் குழாய், பம்பு, அழுத்தம் என்று வேலை பார்க்கிறவன். அடைப்பு என்றதும் புரிந்துவிட்டதுபோல் இருந்தது. மருத்துவரின் மூன்றாவது கேள்விதான் வீடு வரைக்கும் கூடவே வந்தது. அதற்கு விடை தேடித்தான் பழைய நூல்களுக்குள் போனேன்.

இந்த நோய் மேற்கத்திய மருத்துவத்தின் ஏட்டில் ஏறியது 1910 நவம்பரில். சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர், பல் மருத்துவம் படிக்க வந்திருந்த கிரனடா தீவு மாணவர் ஒருவரின் இரத்தத்தில் அரிவாள் வடிவ அணுக்களைக் கண்டதாக எழுதினார். மாணவரின் பெயர் வால்டர் கிளமென்ட் நோயல். கரும்பும் கொக்கோவும் விளைவிக்க ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுபோய் இறக்கிய தீவு கிரனடா. ஆக, ஏட்டிலேறிய முதல் நோயாளியே தோட்டத் தீவொன்றின் பிள்ளை.

அடுத்த ஆண்டு, 1911இல், நம் ஊர்ப் பக்கத்து நூல் ஒன்று வந்தது. கிள்ளானில் 1901 முதல் அரசு மருத்துவராக இருந்து, பிறகு தோட்டங்களுக்கே மருத்துவரான மால்கம் வாட்சன் எழுதியது. மலாய் நாடுகளில் மலேரியாவைத் தடுப்பது பற்றி. மலாயா வரலாறு படித்தவர்களுக்கு வாட்சன் தெரிந்த பெயர். கிள்ளானும் போர்ட் சுவெட்டன்ஹாமும் காய்ச்சலில் காலியாகிக்கொண்டிருந்தபோது சதுப்பை வடித்துக் காட்டைத் திருத்திக் காப்பாற்றியவர். கரையோரத் தாழ்நிலத்தில் காட்டை வெட்டி வாய்க்கால் போட்டால் காய்ச்சல் இறங்கும், மலைச்சரிவுத் தோட்டத்தில் காட்டை வெட்டினால் ஓடையில் வெயில் விழுந்து வேறொரு கொசு பெருகிக் காய்ச்சல் ஏறும் என்று கண்டுசொன்னவர். கிள்ளானிலிருந்து வடக்கே கோலசிலாங்கூர் நோக்கிப் போகிற அந்தத் தாழ்நிலத்தில் இன்றைக்குச் செம்பனைக்கு நடுவே நீங்கள் காணும் வாய்க்கால்களுக்குப் பின்னால் அந்தக் காலத்து அறிவு இருக்கிறது. பொறியாளனாக எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

அவர் எப்படி அளந்தார் என்பதில்தான் நான் நின்றுவிட்டேன். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி இடப்பக்க விலாவுக்குக் கீழே தொட்டுப் பார்ப்பார். மண்ணீரல் வீங்கியிருந்தால் கையில் தட்டுப்படும். நூறு பிள்ளைக்கு எத்தனை பிள்ளைக்கு வீக்கம் என்ற கணக்குத்தான் அந்தத் தோட்டத்தின் மலேரியா அளவு. பெரியவர்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். பிள்ளைகள் லயத்திலேயே கிடப்பவர்கள். அதனால் பிள்ளையின் வயிறு நல்ல அளவுகோல். மழைமானி வைப்பதுபோல. அவ்வளவு கவனமாகத் தொட்ட கைகள், எங்கே வலிக்கிறது என்று கேட்டிருக்குமா? கேட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பதில் போய் உட்கார அந்த அட்டவணையில் ஒரு பத்தி கிடையாது.

சிக்கிள் செல் நோயிலும் மண்ணீரல் வீங்கும். ஆப்பிரிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்கு அது சில வயதிலேயே சுருங்கிப்போகும். இந்திய வகை நோயில் வீக்கம் பல ஆண்டுகள் நீடிப்பதாக மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். சோகை, மஞ்சள் கண், அவ்வப்போது காய்ச்சல், வீங்கிய மண்ணீரல். மலேரியாவும் கொக்கிப்புழுவும் நிறைந்த ஒரு தோட்டத்தில் இவற்றைப் பார்க்கும் எவரும் வேறெதையும் நினைத்திருக்க மாட்டார்கள். மிஞ்சுவது வலி ஒன்றுதான். அது தொட்டால் கையில் தட்டுப்படாது.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 1954இல் அந்தோனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் செய்த ஆய்வை வெளியிட்டார். சிக்கிள் மரபணு ஒன்றே ஒன்று உள்ளவர்களைக் கொடிய மலேரியா அவ்வளவாகக் கொல்வதில்லை. தலைமுறை தலைமுறையாக மலேரியாக் காட்டில் வாழ்ந்தவர்களிடம் அந்த மரபணு தங்கிப்போனதற்கு அதுவே காரணம். பிழைக்கவைத்த பொருளே அடுத்த தலைமுறையில் ஒரு பிள்ளையின் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இந்தியர்களிடம் இது இருப்பது வெளியே தெரிந்தது 1952இல்தான். லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளிடம் கண்டதாக எழுதினார்கள். அதே ஆண்டு டன்லப், மசும்தார் என்ற இருவர் மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் கண்டதாக எழுதினார்கள். இந்த இரண்டாவது செய்திதான் எனக்கு நெருக்கமாக இருந்தது. ஒடிசாவிலிருந்தும் சோட்டா நாக்பூரிலிருந்தும் வண்டி வண்டியாக ஏற்றிப்போன தொழிலாளர்களால் ஆனவை அசாம் தோட்டங்கள். நம்மைக் கப்பலில் ஏற்றினார்கள், அவர்களை இரயிலிலும் நீராவிப் படகிலும். ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் ஆளின் உடலைப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். வெட்டவும் சுமக்கவும் முடியுமா என்று பார்த்தார்கள். ஒற்றை மரபணு உள்ளவர் எல்லாரையும்போல் திடமாக இருப்பார். அவரைத் திருப்பி அனுப்பக் காரணமே இல்லை.

மலேசியாவில்? 1986இலும் 1988இலும் லீ-இஞ்சோ லுவான் எங், ஜோய்ஷி, ஹசான் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மலேசிய இந்தியர்களிடம் உள்ள சிக்கிள் செல் நோய் பற்றி வெளிநாட்டு மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். லீ-இஞ்சோ இந்தோனேசியாவில் பிறந்தவர், கோலாலம்பூரில் நீண்டகாலம் இரத்த ஆய்வு செய்தவர். ஆல்ஃபா தலசீமியா கூடவே இருப்பதும், சிசு ஈமோகுளோபின் பிற்பாடும் இரத்தத்தில் அதிகம் தங்குவதும் நோயின் கடுமையை எப்படி மாற்றுகின்றன என்பதுதான் அவர்களது கேள்வி. சிசு ஈமோகுளோபின் அணுவை வளையவிடாது. ஜேனட் வாட்சன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1948இலேயே இதைக் கவனித்தார், பிறந்த சில மாதங்களுக்கு இந்தப் பிள்ளைகள் நன்றாக இருப்பதைப் பார்த்து. (இரண்டு வாட்சன்களுக்கும் உறவில்லை.) இப்போது அக்காள் மகள் தினமும் விழுங்கும் ஹைட்ராக்ஸியூரியா செய்வதும் அதைத்தான், சிசு ஈமோகுளோபினைக் கூட்டுவது. பெரியவர்களுக்கு வலித் தாக்குதலை அது குறைப்பதாக 1995இல் நிறுவப்பட்டது. கைக்குழந்தைகளுக்கான ஆய்வு 2011இல் வந்தது.

இந்திய வகை நோய் 'மிதமானது' என்ற பேச்சு இந்தத் துறையில் நெடுங்காலம் இருந்தது. பிறகு நாக்பூர் மருத்துவர்கள், எங்கள் பிள்ளைகளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்று எழுதினார்கள். சராசரியில் மிதம் என்பது சரியாகவே இருக்கலாம். ஆனால் விடிகாலை மூன்று மணிக்குக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் சராசரியைக் காட்ட முடியாது. எங்கள் வீட்டில் இந்தச் சொல்லால் சில மாதங்கள் வீணாயின. மிதம்தானே என்று மருந்தைத் தள்ளிப்போட்டோம்.

பாட்டியிடம் நான் கேட்டது இதெல்லாம் படித்த பிறகுதான். பாட்டிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. பிள்ளைக்கு என்ன நோய் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கை விரலெல்லாம் வீங்கும் என்றதும் பாட்டி வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்.

"எந் தம்பிக்கும் வீங்கும்."

பாட்டிக்குத் தம்பி இருந்ததே எங்களில் யாருக்கும் தெரியாது.

"கைப்புள்ளயா இருக்கும்போதே கையி பொதபொதன்னு வீங்கிக்கும். அப்பறம் காலு. 'குடையுது குடையுது'ன்னு அழுவான். கண்ணு மஞ்சளாக் கெடக்கும். டிரசரு கொய்னா குடுப்பாரு. குடிச்சுக் குடிச்சு நாக்கே செத்துப் போச்சு அவனுக்கு. எங்கம்மா ரெண்டு நாளு வேலைக்குப் போவலன்னா பேரு விழாது. ஆயாக்கொட்டாயில விட்டுட்டுப் போவும். ஆயா அவன மடியிலயே போட்டு வச்சிருக்கும், பாவம். எட்டு வயசுல போயிட்டான். காய்ச்சல்."

அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நேரம் அது, லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்த நேரம். பெரட்டில் பெயர் விழாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. நோயாளிப் பிள்ளையோடு வீட்டில் இருப்பது என்றால் அன்றைய அரிசியைக் கொடுத்து இருப்பது. டிரசரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு தோட்டத்துக்கு ஒருவர், இரும்புச்சத்து, கொய்னா, பேதி மருந்து, புண்ணுக்குக் களிம்பு. எஸ்டேட் மருத்துவ உதவியாளர்களைப் பதிவுசெய்ய ஒரு சட்டம் வந்ததே 1965இல்தான். யாருக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை, யார் வேலைக்குக் கள்ளம் போடுகிறார்கள் என்று பிரித்துச் சொல்வதும் அவர் தலையில்தான் விழுந்தது. அப்படிப் பார்த்துப் பழகிய கண், பிள்ளை வலியையும் அப்படித்தான் பார்க்கும்.

பாட்டியின் தம்பிக்கு இருந்தது சிக்கிள் செல் என்று நான் எழுதப்போவதில்லை. எழுபது வருடத்து நினைவை வைத்து இறந்த பிள்ளைக்கு நோய்ப் பெயர் சூட்ட முடியாது. கைக்குழந்தைக்குக் கை வீங்குவது இந்த நோயின் முதல் அடையாளங்களில் ஒன்று என்பது மட்டும் உண்மை. பாட்டியின் அம்மா கோபம் வந்தால் தெலுங்கில் திட்டுவாராம். விசாகப்பட்டினத்து மலைப்பகுதி மக்களிடம் இந்த மரபணு உண்டு. அதற்காக அவர் அங்கிருந்துதான் வந்தார் என்றாகிவிடாது.

கானாவைச் சேர்ந்த மருத்துவர் ஃபெலிக்ஸ் கொனோட்டே-ஆஹுலு தன் குடும்பத்தில் இந்த நோய் வந்த வழியைத் தலைமுறை தலைமுறையாக 1670 வரை பின்தொடர்ந்து எழுதியிருக்கிறார். யாருக்கு எலும்பு வலி வந்தது, யார் சிறுவயதில் போனார்கள் என்று ஊரே நினைவில் வைத்திருந்தது. அங்குள்ள மொழிகளில் நோய்க்கே பெயர் இருந்தது, ஆங்கில மருத்துவம் கண்டுபிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே. கா மொழியில் 'சுவேச்சுவேச்சுவே'. எலும்பைத் திரும்பத் திரும்ப மெல்வதுபோன்ற ஓசை. எனக்கு முதலில் பொறாமையாக இருந்தது. பிறகு யோசித்தால், நமக்கும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. குடைச்சல், உளைச்சல், கடுப்பு, குத்தல், பிடிப்பு. பாட்டியின் தம்பி 'வலிக்குது' என்று சொல்லவில்லை, 'குடையுது' என்றான். சரியான சொல். ஆனால் தோட்டத்து ஏடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. இப்போதும் கிளினிக்கில் பேச்சு மலாயில். மலாயில் நோய்க்கும் 'சாக்கிட்', வலிக்கும் 'சாக்கிட்'. அக்காள் மகள் 'சாக்கிட்' என்பாள். எங்கே, எப்படி என்பது அந்தச் சொல்லுக்குள் வராது.

பிள்ளை வலியை நம்பாதது தோட்டத்து டிரசர் மட்டுமில்லை. பச்சைக் குழந்தைக்கு வலி முழுதாகத் தெரியாது என்று நினைத்து, போதிய மயக்க மருந்தும் வலிமருந்தும் இல்லாமலே அறுவை செய்வது 1980கள் வரை பெரிய நாடுகளிலேயே நடந்தது. இந்தியாவில் பிறந்த கன்வல்ஜீத் ஆனந்த் ஆக்ஸ்ஃபோர்டில் செய்த ஆய்வுகள் 1987இல் வந்த பிறகுதான் அது மாறத் தொடங்கியது. பிள்ளைகள் சுட்டிக்காட்டும் அந்த ஆறு முகப் படங்கள், சிரிப்பிலிருந்து அழுகை வரை, அதே பத்தாண்டில் அமெரிக்காவில் டானா வாங், கானி பேக்கர் இருவரும் உருவாக்கியவை. மலேசிய சுகாதார அமைச்சு, நாடித்துடிப்பு, காய்ச்சல்போல வலியையும் ஐந்தாவது அளவாக எழுதவேண்டும் என்று 2008இல் கொண்டுவந்தது. அட்டவணையில் வலிக்கு ஒரு பத்தி வந்துவிட்டது. தாதி கேட்கிறார், பிள்ளை முகத்தைக் காட்டுகிறது, எண் எழுதப்படுகிறது. இயந்திரத்தனமாகத்தான் நடக்கிறது. இருந்தாலும் முதல் தடவை அந்த எண் எழுதப்பட்டபோது அக்கா அழுதாள்.

இப்போது வீட்டில் செய்வது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. தண்ணீர், தண்ணீர், தண்ணீர். குளிர் ஆகாது, விடியற்காலைப் பச்சைத்தண்ணீர்க் குளியல் ஆகாது. காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி, இந்தப் பிள்ளைகளுக்குக் கிருமித்தொற்று சட்டென்று ஏறிவிடும். வலி தொடங்கும்போதே மருந்து, தாங்க முடியாமல் போகும்வரை பொறுத்துப் பார்ப்பதில்லை. ஆசிரியைக்கு ஒரு கடிதம், கழிப்பறைக்கு எப்போது கேட்டாலும் விடுங்கள், திடலில் ஓடும்போது நிற்கிறேன் என்றால் நிற்கவிடுங்கள் என்று. கடிதம் கொடுத்த பிறகும் ஒருமுறை சோம்பேறி என்று பேச்சு வாங்கி வந்தாள். அக்கா மறுநாள் பள்ளிக்குப் போய் மண்ணீரல் படத்தோடு அரை மணி நேரம் பாடம் எடுத்துவிட்டு வந்தாள்.

இங்கே 2016இல் படிவம் நான்கு மாணவர்களுக்குத் தலசீமியாச் சோதனை தொடங்கியது. அதே இரத்தத்தில் சிக்கிள் மரபணுவும் தெரியவரலாம். இந்தியாவில் 2023 ஜூலை 1 அன்று ஒரு தேசியத் திட்டத்தை அறிவித்து 7 கோடிப் பேரைச் சோதிக்கக் கிளம்பினார்கள். நீலகிரியில் கூடலூரின் அஷ்வினி ஆதிவாசி மருத்துவமனை அதற்கு வெகு முன்பிருந்தே இந்த நோயாளிகளைப் பெயர் சொல்லித் தேடிப் பராமரித்துவருகிறது. நமது வடசிலாங்கூர் தோட்டங்களோ பாதி கலைந்துவிட்டன. மக்கள் ஈஜோக்கிலும் புன்சாக் ஆலாமிலும் சுங்கை பூலோவிலும் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். எந்த லயத்தில் எந்தப் பிள்ளைக்குக் கால் குடைந்தது என்று தெரிந்த ஆயாக்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

பாட்டி இந்த நோய் விளக்கத்தையெல்லாம் பாதிதான் கேட்டார். வலி வந்த இரவுகளில் கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கிறார். தம்பிக்கும் அவர் அம்மா அதைத்தான் செய்தாராம். மருத்துவரிடம் கேட்டேன். சூடு நல்லதுதான், சுட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார், ஐஸ் மட்டும் வைக்கவேண்டாம்.

சென்ற சோதனைக்குப் பாட்டியையும் அழைத்துப் போயிருந்தோம். மருத்துவர் அந்தப் பழைய படிவத்தை எடுத்தார். குடும்பத்தில் முன்பு யாருக்காவது? நான் மலாயில் சொல்லத் தொடங்கினேன். பாட்டி என் கையைத் தட்டிவிட்டு, தோட்டத்து மலாயில், தானே சொன்னார். தம்பியின் பெயரைச் சொன்னார். மருத்துவர் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். வயது எட்டு. ஊர் என்ற இடத்தில் கேள்விக்குறி அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் பாட்டி சொன்ன தோட்டத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டார்.